'பெயர் பிழை' அட்டை

இங்கிலாந்தின் சசெக்ஸில், தர்சா ஃபன்னல் வாழ்க்கைப்பட்டு வந்தது நான்கே மைல் தொலைவிலிருந்து. முப்பது வருடமாகியும் அந்த நான்கு மைலை அவள் நாக்கு கடக்கவில்லை. இரண்டு வயல்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் மரக்கூட்டத்தைப் புகுந்த ஊரில் 'ரூ' என்பார்கள். அவள் பிறந்த ஊரில் அது 'ஷா'.

"ஷாவுல விறகு பொறுக்கிட்டு வா" என்பாள் புருஷனிடம்.

"அப்படி ஒரு இடம் சசெக்ஸ்லயே கிடையாதே" என்று எனோக் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொள்வான். சோம்பேறிக்கு அதுவும் ஒரு சாக்கு.

பூக்களிலும் அதே பிடிவாதம். ஒரு மஞ்சள் பூவை ஊரே டேண்டலியன் என்றால் அவளுக்கு அது 'படுக்கை நனைச்சான்'. வேலியோரம் பச்சை முக்காடு போட்டு நிற்கும் ஒரு பூவின் பெயர் 'சந்து வழியா வந்து குதிச்சு முத்தம் கொடு கிட்டி'. இதை எழுதி ஜாம் ஜாடியில் ஒட்டினால் சீட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

ஒவ்வொரு மே மாதமும் ஊர் மலர்க் காட்சியில், காட்டுப்பூப் போட்டிக்குப் பன்னிரண்டு ஜாடி வைப்பாள். பூவின் பெயரும் பறித்த இடமும் எழுத வேண்டும். வெளியூர் நடுவர் பூவைப் பார்த்துத் தலையாட்டுவார். சீட்டைப் பார்த்ததும் 'பெயர் பிழை' என்ற அட்டையைச் சாத்திவிட்டுப் போவார். பத்தொன்பது வருடப் போட்டியில் இதுவரை பத்தொன்பது அட்டைகள். வீட்டுக்கு வந்து அழுவாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருடம் நடுவருக்கு மூட்டுவலி. பாதிரியாரின் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"தர்சா, உன் ஜாடியெல்லாம் எடுத்துடு. இன்னைக்கு நீதான் நடுவர். பூவைப் பத்தித் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?"

கூடாரத்துக்குள் எட்டுப் பேரின் ஜாடிகள். அட்டைக் கட்டு தர்சாவின் கையில். முதல் ஏழு பேரும் புத்தகப் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். அவள் கணக்கில் ஏழுமே பிழை. மனசு இனிக்க இனிக்க ஓர் அட்டையை உருவினாள்.

அப்போதுதான் எட்டாவது வரிசை கண்ணில் பட்டது. பூக்கள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. சீட்டில் கோணல் எழுத்து: 'படுக்கை நனைச்சான். ஷாவில் பறித்தது.' பக்கத்து ஜாடியில் 'முத்தம் கொடு கிட்டி'யும் ஓர் எழுத்து விடாமல் ஜாடியைச் சுற்றி வந்திருந்தாள். எனோக்கின் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா?

ஏழு பேரையும் தள்ளினால் மிஞ்சுவது அவன்தான். வாடின பூவுக்கு முதல் பரிசா? தர்சா அட்டைக் கட்டைப் பைக்குள் போட்டாள். சீட்டை விட்டுவிட்டுப் பூவை மட்டும் பார்த்தாள். பள்ளி ஆசிரியை மிஸ் டெஸ்டருக்கு முதல் பரிசு. எனோக்குக்கு எட்டாம் இடம். ஒருவருக்கும் 'பெயர் பிழை' இல்லை.

தேநீர் மேசையில் எனோக் முறைத்தான். "பொண்டாட்டி நடுவரா இருந்தும் கடைசியா?"

"தண்ணி ஊத்தாம வெச்சா பூ என்ன செய்யும்? ஆமா, நீ எதுக்கு இதுல மூக்கை நுழைச்சே?"

எனோக் தேநீரை ஊதினான். "நீ நடுவராவேன்னு யாரு கண்டா? இந்தத் தடவையும் அந்த அட்டையைத்தான் குடுப்பாங்கன்னு நெனச்சேன். எத்தனை வருஷம்தான் நீ தனியா வாங்கிட்டு வருவே? ரெண்டு பேருமா வாங்கலாம்னு வெச்சேன்."