சந்தனம் போட்ட நேர்கோடு

ஆயுத பூஜையன்று கீபோர்டில் ஒரே ஒரு பட்டனுக்கு மட்டும் எதற்குச் சந்தனம் வைக்கிறோம் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்விட்டாள். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் அவள் வந்து திருத்துவாள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். உங்கள் அப்பா பத்தாவது வரை படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மூன்று மாத கோர்ஸ் முடித்த சர்டிபிகேட் கையில் இருந்தது. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் முதலாளி அண்ணன் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் டைப் அடிப்பார். இன்னொன்று என்னுடையது. அதில் படம் வரைகிற சாப்ட்வேர் ஒன்று இருந்தது. யாரோ சிடியில் காப்பி எடுத்துக் கொடுத்தது. அதைப் பற்றி முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பிடிபட்டது அதில் இருந்த பிரஷ் மட்டும்தான்.

அப்போது ஊரை ஒட்டி வேங்கிக்கால் பக்கம் மனை பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். மனை விற்கிறவர்கள் எங்களிடம் நோட்டீஸ் போட வருவார்கள். நோட்டீஸ் என்றால் அதில் மனையின் படம் வேண்டும். மனையின் படம் என்றால் எல்லாமே நேர்கோடு. இங்கேதான் என் கஷ்டம் தொடங்கியது.

மவுஸைப் பிடித்து நேர்கோடு இழுத்துப் பாருங்கள், தெரியும். பாதி தூரம் ஒழுங்காகப் போகும். அப்புறம் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு. நான் முதலில் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி இரண்டு முனையிலும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நடுவில் இழுப்பேன். மேசை மேல் மர ஸ்கேலை வைத்து அதை ஒட்டி மவுஸைத் தள்ளிப் பார்த்தேன். மவுஸ் நேராகப் போனது, என் மணிக்கட்டு திரும்பிவிட்டது. ஒரு நாள் ஸ்கேலை மானிட்டர் கண்ணாடி மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, டிவிக்கு அளவு எடுக்கிறியா? சட்டை தைக்கப் போறியா?"

"கோடு வளையுதுண்ணா."

"வளையட்டும் வுடு. ரோடு வளைஞ்சிருக்குனு நினைச்சுக்குவாங்க."

அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் நோட்டீஸைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஏங்க, நான் மனை வித்துகினு இருக்கேன், நீங்க மரவள்ளிக்கிழங்கு போட்டு வெச்சிருக்கீங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா வீட்டுக்காரர், உங்கள் மாமா, எனக்குப் பெண் பார்த்தார். அடி அண்ணாமலையில் கழனி வைத்திருக்கிற குடும்பம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிற ஜனங்களுக்கு வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்பார்கள். பெண் டைப்ரைட்டிங் லோயர் பாஸ், ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் உங்கள் அம்மா. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவள் காபி டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். டைப் அடித்த தாளில் தப்பு தேடுகிற மாதிரியான பார்வை. எனக்கு அப்போதே மனசு அவளிடம் நின்றுவிட்டது. இந்த இடம் அமையவில்லை என்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் மாமா அங்கே சும்மா இருந்திருக்கலாம். "மாப்ள கம்ப்யூட்டர்ல இன்ஜினீயர் மாதிரிங்க. மனை பிளானெல்லாம் அவருதான் போடுறாரு" என்று எடுத்து விட்டார்.

உங்கள் தாத்தா, அதாவது பெண்ணின் அப்பா, தலையை ஆட்டினார். "இன்ஜினீயரா, இன்ஜினீயர் மாதிரியா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

"பசு மாதிரினு சொல்லி ஒருத்தன் எனக்கு ஒண்ணு வித்தான். அது கறக்கல" என்றார் தாத்தா. "ஒரு நாளு கடைக்கே வந்து பாக்கறேன். எங்க கழனிய வரைஞ்சு காட்டுங்க, போதும். எனக்கு வரப்பு நேரா இருக்கணும், அவ்ளோதான்."

அவருக்கு வரப்பு என்றால் உயிர். ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அவர்கள் கழனி வரப்பைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார் என்று சொன்னார்கள். பக்கத்துக் கழனிக்காரர் பொது வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துவிட்டார் என்று பல வருடத்து வருத்தம் வேறு. அப்படிப்பட்டவர் என் கோட்டைப் பார்க்க வருகிறார்!

அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி வாங்கி வைத்தோம். முதலாளி என் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

"உன் மிஷினுக்கு நீயே வை. ஒரு பட்டனக்கூட வுட்டுறாத. வுட்டது கோச்சிக்கும்."

நான் வேலையில் ஒரு குறை வைக்க மாட்டேன். எல்லாப் பட்டனுக்கும் வைத்தேன். கல்யாணம் அமைய வேண்டும் என்கிற வேண்டுதல் வேறு இருந்ததால் சந்தனத்தைக் குழைவாக, தாராளமாகவே வைத்தேன். இடது கைப் பக்கம் கீழே ஒரு பெரிய பட்டன் இருந்தது. பெரிய பட்டன், பெரிய மனுஷன் மாதிரி, அதற்குச் சின்னப் பொட்டு வைத்தால் மரியாதை இல்லை என்று மிச்சம் இருந்த சந்தனத்தை எல்லாம் அதன் மேல் அப்பி, கட்டை விரலால் நன்றாக அழுத்தினேன். மேலே குங்குமம். பூஜைக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்பதால் இரண்டு நாள் மிஷினை மூடியே வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் மிஷினைப் போட்டு, வழக்கம்போல ஒரு முனையில் புள்ளி வைத்தேன். மறு முனையில் புள்ளி வைத்தேன். இழுப்பதற்கு மூச்சைப் பிடிக்கிறேன், இரண்டு புள்ளிக்கும் நடுவில் கோடு தானாக வந்து நிற்கிறது! அம்பு விட்ட மாதிரி நேர்கோடு. மூன்றாவது புள்ளி வைத்தேன். அதற்கும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. நான் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. கோடு நிற்காது. எங்கே புள்ளி வைத்தாலும் முந்தின புள்ளியிலிருந்து கோடு கிளம்பி வந்துவிடும். மனை ஒன்றிலிருந்து மனை இரண்டுக்குப் போகும் வழியில் கோயில், குளம், பூங்கா எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வரும். வேண்டாத கோட்டையெல்லாம் அப்புறம் ரப்பரை வைத்து அழித்துக்கொண்டேன். சாமி வரம் கொடுக்கும்போது ஜாஸ்தியாகத்தான் கொடுக்கும், நாம்தான் கம்மி பண்ணிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். முதலாளிகூடத் தாளைத் தூக்கிப் பார்த்து, "ரெண்டு நாளு லீவுல கை திருந்திடுச்சே" என்றார். தாத்தாவை வரச் சொல்லலாம் என்று நான் உங்கள் மாமாவுக்குத் தகவல் அனுப்பினேன்.

அவர் வருகிற அன்றைக்கு மதியம் நான் வெளியே போய் சட்டையை அயர்ன் பண்ணி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். படியேறும்போதே அவர் குரல் கேட்டது. கடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு முதுகில் தட்டினார்.

"சம்பந்தம் பேச வர்றாங்க, கீபோர்டெல்லாம் சந்தனமும் எறும்புமா கெடந்துச்சு. ஈரத்துணி போட்டு நானே பளிச்சினு துடைச்சு வெச்சிருக்கேன். போ, அசத்து."

நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தாத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். புள்ளி வைத்தேன். மறு முனையில் புள்ளி வைத்தேன். இரண்டும் அதனதன் இடத்தில் அநாதையாக நின்றன. கோடு வரவில்லை.

"ஆரம்பிங்க தம்பி" என்றார் தாத்தா.

"ஆரம்பிச்சிட்டேங்க."

மவுஸைப் பிடித்து இழுத்தேன். கோடு பழைய ஆட்டுக்குட்டியைவிட மோசமாகத் துள்ளியது.

"இது இன்னாங்க?"

"வரப்புங்க."

"எலி பறிச்சதா?"

நேற்று இருந்தது இன்று இல்லை என்றால் என்ன காரணம்? நேற்றுக்கும் இன்றைக்கும் ஒரே வித்தியாசம்தான். சந்தனத்தைத் துடைத்துவிட்டார்கள், சாமி கோபித்துக்கொண்டது. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய்ப் பூஜை மாடத்திலிருந்து சந்தனத்தை எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்து, கீபோர்டு முழுக்கத் தடவினேன். தாத்தா என்னையும் கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டருக்கு உஷ்ணமா தம்பி?"

"இல்லீங்க, இது தொழில் முறைங்க."

ஈரச் சந்தனம். பொட்டு இருந்தது, கோடு வரவில்லை. முதலாளி தன் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போது படியேறி உங்கள் அம்மா வந்தாள். பக்கத்துத் தெருவில்தான் டைப்ரைட்டிங் கிளாஸ். கிளாஸ் முடிந்ததும் அங்கே வா, சேர்ந்து பஸ் ஏறலாம் என்று தாத்தா சொல்லியிருந்தாராம். கையில் சுருட்டிய தாளோடு வாசலிலேயே நின்று, சந்தனக் காப்பு போட்ட கீபோர்டையும் அயர்ன் பண்ணின என் சட்டையில் சந்தனக் கறையையும் பார்த்தாள்.

"இன்னா நைனா இது?"

"தெரிலம்மா. மாப்ள அபிஷேகம் பண்றாரு."

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு நேர்கோடு வராது, நான் இன்ஜினீயரும் இல்லை, இன்ஜினீயர் மாதிரியும் இல்லை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தேன், அதற்கு அப்புறம் கோடு தானாக வந்தது, துடைத்ததும் போய்விட்டது. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போகிறார் என்று தெரிந்தது.

உங்கள் அம்மா மட்டும் கிட்டே வந்து கீபோர்டைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு எதனா பட்டன் அமுங்கியே கெடந்துச்சாங்க?"

யோசித்தேன். "இந்தப் பெருசு கெடந்துச்சு. சந்தனம் காஞ்சு அப்படியே உள்ள போயிருந்துச்சு. சரி, அடக்கமா இருக்குதுனு நான் எடுக்கல."

"ஷிப்டு" என்றாள். "எங்க மிஷின்ல இது மாட்டிக்கிச்சுனா எல்லாம் பெரிய எழுத்தா வரும். இதுல கோடா வருதோ இன்னாவோ. புள்ளி வைங்க."

இடது கைச் சுண்டுவிரலை அந்தப் பட்டன் மேல் வைத்து அமுக்கிக்கொண்டாள். நான் ஒரு புள்ளி வைத்தேன். தள்ளி இன்னொன்று வைத்தேன்.

கோடு வந்தது.

அவள் விரலை எடுத்தாள். நான் வேறு இடத்தில் புள்ளி வைத்தேன். கோடு கூடவே வராமல் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டது. மறுபடி அமுக்கினாள், மறுபடி கோடு. சந்தனத்துக்கு அமுக்கத்தான் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. பூஜைக்கு அப்புறம் நான் ரப்பரால் அழித்ததெல்லாம் அதனால்தான்.

"கெணறு இந்தப் பக்கம்" என்றார் தாத்தா. துண்டு தோளிலிருந்து மடிக்கு வந்துவிட்டிருந்தது. "மோட்டார் கொட்டாய் இங்க. இப்ப பொது வரப்பு போடுங்க. நேரா. இன்னும் நேரா."

"இதுக்கு மேல நேரா வராதுங்க."

"வராதுல்ல?" அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு பாரு. அந்தப் பக்கத்துக் கழனிக்காரனுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

நான் புள்ளி வைக்க, அவள் அமுக்க, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் மொத்தக் கழனியும் வந்துவிட்டது. தாத்தா தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் சந்தனக் கைரேகை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, எம் பொண்ணு விரல எடுத்துட்டா உங்க பொழப்பு நின்னுடுமே?"

"நின்னுடுங்க மாமா" என்றேன். மாமா என்று எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. முதலாளி இந்தத் தடவை சத்தமாகவே சிரித்துவிட்டார்.

தாத்தா சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பொய் சொன்னது உங்க மச்சான். நீங்க இல்ல. அத நான் மனசுல வெச்சுக்கிறேன். ரெண்டு பேரு இருந்தாத்தான் வேல ஆவும்னா, என்னா பண்றது, குடுத்துத்தான் ஆவணும். வர்ற பௌர்ணமி கூட்டம் முடியட்டும், தட்டு மாத்திக்கலாம்." சொல்லிவிட்டுப் படியிறங்க ஆரம்பித்தார்.

உங்கள் அம்மா தன் தாளை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். வாசல்வரை போனவள் நின்றாள். தாத்தா கடைசிப் படியில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் திரும்பி, கீழே கேட்காத குரலில் கேட்டாள்.

"வலது கையில மவுஸு புடிக்கிறீங்க, சரி. உங்க இடது கை இன்னா பண்ணிகினு இருக்கு?"

குனிந்து பார்த்தேன். அது என் மடியில் சும்மா உட்கார்ந்திருந்தது.