தலைகீழாய் நட்ட ஒதியன்

நல்லம்பள்ளிக்குத் தெற்கே, தீர்த்தம்மாளின் வீட்டையொட்டி மாடு கட்டி இறைக்கிற ஒரு கமலைக் கிணறு. தரைமட்டத்தில் வாய் பிளந்து கிடக்கும், சுற்றுச்சுவர் கிடையாது. "பட்டாளத்திலிருந்து வந்ததும் நானே கல் வெச்சுக் கட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் பச்சியப்பன் நாற்பத்திரண்டாம் வருஷம் உலகச் சண்டைக்காகத் தருமபுரியில் ரயிலேறினான். மடியில் கிடந்த மகள் காவேரி நடக்கப் பழகியதும், தத்தித் தத்தி முதலில் போன இடம் அந்தக் கிணற்றோரம். ஓடிப்போய்த் தூக்கிய தீர்த்தம்மாள் அன்று முழுக்க அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை.

வேலி போட, மரம் வெட்டும் வத்தல்மலைக் குள்ளனுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் இரண்டு வகைக் கம்பங்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கோடாலியின் பின்புறத்தால் ஒன்றைத் தட்டினார். கணீரென்றது.

"ஆச்சா மரம்மா. கரையான் கிட்ட வராது. முப்பது வருசம் அசையாம நிக்கும்."

முப்பது வருஷம் என்றதும் அவள் அந்தக் கம்பத்தைவிட்டு விலகி நின்றாள். அத்தனை காலம் வேலி நிற்க வேண்டுமென்றால், சுவர் எழுப்ப யாரும் வரப்போவதில்லை என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி.

"அந்த இன்னொண்ணு என்னங்கண்ணா?"

"ஒதியன். ரெண்டே வருசம், உளுத்துப்போயிரும். உளுக்காட்டி வேர் புடிச்சுத் துளிர்க்கும். அதப் போய்க் கேக்கறியே!"

"ரெண்டு வருசம் போதுங்க. அதுக்குள்ள அவரு வந்துருவாரு."

"ஏம்மா, ஆச்சாவ நட்டா வர்ற ஆளு பாதி வழியில திரும்பிருவானா?" என்று சிரித்தார் குள்ளன்.

அவள் தலை நிமிரவில்லை. "வேரு மட்டும் புடிக்கக்கூடாதுங்க. புடிச்சா எப்பவும் நின்னுருமே."

சிரிப்பு நின்றது. "அப்பத் தலைகீழா நட்டுடலாம். நுனி மண்ணுக்குள்ள போனாத் துளிர்க்காது."

ஒன்பது கம்பங்கள். இடையில் மூங்கில் பிளாச்சு. நட்டு முடிந்ததும் ஒவ்வொன்றையும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். இனிப் பிள்ளைக்கு ஆபத்தில்லை.

ஐப்பசி மழையில் ஒன்பதும் துளிர்த்தன.

காலையில் தண்ணீர் சேந்தப் போகும்போதெல்லாம் தளிர்களைக் கிள்ளிப் போட்டாள். சண்டை முடிந்தது. பட்டாளத்துக்குப் போயிருந்த பக்கத்து ஊர் மாது திரும்பி வந்தான். "நாங்க வேற பட்டாளம்க்கா" என்றான். பச்சியப்பனிடமிருந்து ஒரே ஒரு கார்டு முன்பு வந்திருந்தது, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

கிணற்றுப் பக்கம் சாய்ந்த ஒரு கிளை மட்டும் கைக்கு எட்டாமலே வளர்ந்து, தண்ணீர்மேல் நிழல் போட்டது.

"அம்மா, அருவா கொண்டாரட்டா?" என்றாள் ஐந்து வயதுக் காவேரி, வேலியைப் பிடித்துக்கொண்டு.

தீர்த்தம்மாள் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்கண்ணு. உங்கப்பா வந்து வெட்டட்டும்."