ஆறு பாகங்களும் ஓர் அழிரப்பரும்

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குழாய் வரைபடம் போடுகிற அந்த மனிதரை அலுவலகத்தில் எல்லோரும் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தவர் இல்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். ஆனால் போர் வரலாறு என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பேருந்து பாலத்தைக் கடக்கும்போது அவர் கண்ணுக்கு மட்டும் கீழே ஆற்றில் குதிரைப்படை இறங்கும். கடைசிக் குதிரை கரையேறும் வரை பார்த்திருந்துவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடப்பார்.

வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய புத்தக விற்பனை ஒரு வாரம் நடக்கும். சமையல் புத்தகத்தையும் பரீட்சைக் கையேட்டையும் ஜனங்கள் மொய்ப்பார்கள். போர்ப் புத்தகங்கள் மேடைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் சீந்துவாரில்லாமல் கிடக்கும். இந்தத் தடவை முதல் நாளே அப்படி ஒரு பெட்டியைத் திறந்தவர், அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய போரின் முழு வரலாறு. ஆறு பாகம். உள்ளே மடித்து வைத்த வண்ண வரைபடங்கள், ஒன்றுகூடக் கிழியவில்லை.

"மொத்தமா எடுத்துக்குங்க சார். ஒரு புது புத்தகத்தோட விலை கொடுத்தா போதும். எனக்கு இடமாவது கிடைக்கும்" என்றார் விற்பனைக்காரர்.

தளபதி பேரம் பேசவில்லை. வாயைத் திறந்தால் கனவிலிருந்து விழித்துக்கொண்டுவிடுவோமோ என்று பயம்.

வீட்டில் மனைவி பெட்டியை எட்டிப் பார்த்தாள். "ஆறு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. எங்க படுக்க வைக்கப் போறீங்க?"

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழைய புத்தகத்தைக் குளிப்பாட்டாமல் படிக்கமாட்டார். இந்தப் பாகங்களிலோ ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். "புத்தகத்துல எழுதுறவன் சுவத்துலயும் எழுதுவான்" என்று முணுமுணுத்துக்கொண்டு, அலுவலகத்து வெள்ளை ரப்பரை எடுத்தார். வரைபடக்காரர் கை அழிப்பதில் கில்லாடி, காகிதத்துக்கு வலிக்காது. அழிக்கிறவர் கண்ணுக்குக் கோடுதான் தெரியும், எழுத்து தெரியாது. கை ஒரு பக்கம் ஓட, மனம் படங்களில் இருந்த பனிமலைக் கணவாய்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சாயங்காலங்களில் இரண்டு பாகங்கள் பளிச்சென்று ஆகிவிட்டன.

மூன்றாம் பாகத்தில் ரப்பரை வைத்த இடத்தில் ஏனோ ஒரு வரி கண்ணில் விழுந்தது. "நாற்பதாயிரம் பேர் மலை ஏறினார்கள் என்கிறீர். ரொட்டி யார் சுட்டது?"

கை நின்றுவிட்டது. ஏனென்றால், அந்தப் பக்கத்துக்கு வந்தால் இவரும் அப்படி ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்: இத்தனை பேருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது?

அடுத்த பக்கத்தில், "தளபதிக்குப் பதக்கம். அடுப்பு சுமந்தவனுக்கு?" இன்னும் தள்ளி, "மூன்று நாள் மழை. விறகு நனைந்திருக்கும். அதனால்தான் தோற்றார்கள், வேறு காரணம் தேடாதீர்." தளபதி வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டு மீதி நான்கு பாகங்களையும் படித்தார். படிக்கப் படிக்க யாரோ ஒருவர் பெரிய பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே மலையேறி வந்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறேன், நீர் அடுப்பைப் பாரும் என்று இவர் சொல்ல, அவர் தலையாட்ட, பனி கொட்டிக்கொண்டேயிருந்தது. போர் என்றாலே கொட்டாவி விடுகிற வீட்டில் இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவருக்கு முதல்முறையாக ஒரு சிநேகிதர் கிடைத்திருந்தார்.

முதல் இரண்டு பாகங்களையும் எடுத்துப் பிரித்தபோதுதான் பகீர் என்றது. ஓரங்கள் சுத்த வெள்ளை.

எழுதிய ஆளையாவது கண்டுபிடித்து, என்ன எழுதினீர்கள் என்று கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை காலையில் மண்டபத்துக்கு ஓடினார்.

"வாங்க சார், நீங்க எப்படியும் வருவீங்கன்னு சொல்லி இந்த அம்மாவை உக்கார வச்சிருக்கேன்" என்று விற்பனைக்காரர் கை காட்டினார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில், மடியில் துணிப்பையோடு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆறு புத்தகம் உங்ககிட்டயா தம்பி இருக்கு? அது எங்க வீட்டுக்காரரோடது. ஆஸ்பத்திரி சமையல்கட்டுல முப்பது வருஷம் இருந்தாரு. ரெண்டு மாசம் முன்னாடி தவறிட்டாரு. நான் மக வீட்டுக்குப் போயிருந்தப்போ, வீட்டை ஒழிக்கிறேன்னு பையன் எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குப் புத்தகம் புரியாது தம்பி. அவரு எழுத்துதான் வேணும். அவரு வேற எங்கயும் எழுதினதே இல்ல. சாமான் லிஸ்டு கூட மனசுலதான் வச்சிருப்பாரு."

வீடு பத்து நிமிட நடைதான். அவளைக் கூட்டிக்கொண்டு நடந்த பத்து நிமிடமும் ஒரு பொய் நாக்கு நுனியிலேயே நின்றது. வாங்கும்போதே அந்த இரண்டும் வெறுமையாகத்தான் இருந்தன என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். தளபதி ஆறு பாகங்களையும் மேஜையில் வைத்தார். அம்மாள் முதல் பாகத்தைத்தான் எடுத்தாள். புரட்டினாள். இன்னும் புரட்டினாள்.

"இதுல எழுதலையா அவரு?"

"எழுதியிருந்தாரும்மா." சொல்லிவிட்டார். "நான்தான் அழிச்சிட்டேன். இதுலயும் ரெண்டாவதுலயும். கிறுக்கல்னு நினைச்சுட்டேன்."

அவள் இரண்டாம் பாகத்தையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது.

"என்ன எழுதியிருந்தாரு?"

"படிக்கலம்மா."

இதைச் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஐம்பது வயசு மனிதர், மனைவி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் அழுதார்.

அம்மாள் வெள்ளை ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்தாள். தாளும் தாளும் சேர்கிற தையல் பள்ளத்தில் விரல் நின்றது. நுனியில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன தம்பி?"

"ரப்பர் தூளும்மா. அழிச்ச பென்சில் அதுலதான் ஒட்டியிருக்கும்."

அது விழுந்துவிடாமல் அவள் விரலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெள்ளைத் தாள் ஒன்று கேட்டாள். தளபதி வரைபடத்தாளை மேஜையில் விரித்து, புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, முதுகில் மெதுவாகத் தட்டினார். பக்கம் பக்கமாகத் தட்டத் தட்ட, தூள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. அம்மாள் இரண்டு கையாலும் அதற்கு அணை கட்டிக்கொண்டு, நிமிராமலே மனைவியிடம் சொன்னாள்.

"அந்த ஃபேனை நிறுத்தும்மா."