குடுத்துடு என்று நான்தான் சொன்னேன்

வல்லம் வடகாலில் எங்கள் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் இப்போது யாரும் படுப்பதில்லை. வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரிக்கிறார். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழிக்கிறேன்.

அதில் படுத்தவள் என்னைவிட நான்கு வயது சின்னவள். ஒரகடத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். நான் ஓயாமல் திட்டுவேன், அவள் சிரித்தே மழுப்புவாள். ஆயுத பூஜைக்கு அவள் ஆடியதை யாரோ போனில் எடுத்துப் பரப்பினார்கள். அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் ஒருவன் வந்தான். வளைகுடா நாட்டில் பெரிய ஹோட்டல், மேடையில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், மூன்று மாதம் என்றான். "லைன்ல நின்னுகினே கால் வீங்கறதுக்கு, ஆடியாவது வீங்கட்டும்க்கா" என்று கிளம்பினாள். எனக்குச் சந்தேகம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

அங்கே போய் இறங்கிய அன்றே போன் செய்தாள். நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, பாஸ்போர்ட்டக் குடுன்னு கேக்கறாங்க. இன்னா பண்றது?"

அவளுக்குப் பயம். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "குடுத்துடு. இங்க மட்டும் இன்னா? நம்ம ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கான்ட்ராக்டர் கையிலதான கீது" என்றேன். வேலைக்குச் சேர்ந்த அன்றே மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸோடு திரிகிறவர்கள் நாங்கள். வேலை கொடுப்பவன் அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வான் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. பெரிய அறிவாளி மாதிரி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதன்பிறகு ஞாயிறு மட்டும் பேச விட்டார்கள். பக்கத்தில் ஆள் நிற்பது அவள் குரலிலேயே தெரியும். ஒரே ஒருமுறை இன்னொரு பெண்ணின் போனில், குளியலறையிலிருந்து பேசினாள். ஹோட்டல் இல்லை, பார். ஆட்டம் முடிந்ததும் குடிக்கிறவர்களோடு உட்கார வேண்டும். கூப்பிட்டால் கூடப் போகவும் வேண்டுமாம். அறையை வெளியே பூட்டுகிறார்கள். "பாஸ்போர்ட் கையில இருந்தா ஓடியாவது வந்துருப்பேன்க்கா" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அவள் அம்மாவைத் தேடி வாலாஜாபாத் போனேன். "போலீசுல டான்ஸுன்னு எழுதுனா அவ தங்கச்சிய எவன் கட்டிக்குவான்? நீ சும்மா இரும்மா" என்று கதவைச் சாத்திவிட்டார். லீவு போட்டு நானே போலீஸ் ஸ்டேஷன் போய்ப் புகார் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "விருப்பப்பட்டுத்தான் இருக்காங்கன்னு அந்தப் பக்கம் சொல்லிட்டா கஷ்டம்மா. வரேன்னு அவங்க வாயால சொல்லணும். ரெக்கார்ட் பண்ணிக் குடுங்க" என்றார்.

இதைப் பேச எனக்கு ஒருத்தரும் இல்லை. லைனில் வாயைத் திறந்தால் அவள் பேர் நாறிவிடும். தனியாகவே யோசித்து, தனியாகவே முடிவு செய்தேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் நிற்கிறான் என்று தெரிந்தே கேட்டேன். "ஊருக்கு வரியாடி?"

"சொல்லட்டுமாக்கா?" என்றாள்.

"சொல்லு."

"வரேன். என்னக் கூட்டிக்கினு போங்க" என்று கத்தினாள். ஓர் ஆண் குரல் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

பதிவைக் கொடுத்துவிட்டேன். மேலே அனுப்பியிருக்கிறோம், காத்திருங்கள் என்கிறார்கள். போன ஞாயிறு போன் வரவில்லை. நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இந்த முறையும் நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் செய்தாள்.