டீச்சர் கேட்ட அட்டை

"நாளைக்கு எல்லாரும் ஒரு அட்டை கொண்டு வாங்கோ" என்று நேற்று என் வகுப்பில் சொல்லியிருந்தேன். இன்று குருநகர் மீனவர்களின் பிள்ளைகள் எல்லோரும் வாழ்த்து மடல் செய்யக் காகித அட்டைகளோடு வந்திருந்தார்கள். ஒருவரும் பிழை விடவில்லை.

அந்த வயதில் நான் விட்டேன். எங்கள் வீட்டில் அட்டை என்றால் கடலடியில் ஊரும் கடலட்டைதான். காகிதத்தில் செய்தது மட்டை. என் டீச்சர் அட்டை கேட்டதாக நான் சொன்னதும், எழுத்தறியாத அப்பா முற்றத்தில் அவித்துக் காயப்போட்டிருந்தவற்றில் ஆகப் பெரியதைத் தேடி எடுத்துப் பொட்டலமாகக் கட்டினார்.

"அது வியாபாரிக்கு வைச்சதெல்லே?" என்றார் அம்மா.

"பள்ளிக்கூடம் கேக்குது. சின்னனைக் குடுக்கேலுமே?"

பொட்டலத்தைப் பிரித்த டீச்சர் கத்திய கத்தலில் வகுப்பே சிரித்தது.

சின்ன அட்டைகளை அப்பா அப்போது தண்ணீரிலேயே விட்டுவிடுவார். பெரியவை அருகியபோது, வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி விலையை ஏற்றிச் சின்னவற்றையும் கேட்டார். "நான் விட்டால் பின்னாலை வாறவன் எடுப்பான், பிள்ளை" என்று அப்பாவும் எடுக்கத் தொடங்கினார். என் வெள்ளைச் சீருடையும் பல்கலைக்கழகப் படிப்பும் அவற்றில்தான் வந்தன. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பெருமை எனக்குக் குறையவில்லை. ஆனால் இப்போது அப்பா முழங்கால் தண்ணீரில் பகல் முழுக்க நடந்தும் வெறுங்கையோடுதான் வருகிறார்.

ஒரு பொட்டலமாவது இருக்காதா என்று மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

"என்ன டீச்சர் தேடுறியள்?" என்றாள் ஒரு மீனவரின் மகள்.

"அட்டை, பிள்ளை."

"இஞ்சை இருக்கு, டீச்சர்" என்று தன் மட்டையை உயர்த்திக் காட்டினாள்.