பின் அறுந்த பிறகும் சுற்றிய வின்ச்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் முனியராஜ் பட்டறையில் இறங்கி அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் உச்சிப் பொழுதில் மட்டும் போகாதீர்கள். வெயில் தலைக்கு நேரே ஏறுவதற்குள் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் புரட்டாசி மாதத்திலிருந்து இப்படித்தான்.

பேய் என்றால் ராத்திரியில் வரும் என்றுதான் அவரும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி பாண்டிச்செல்வம், புரோக்கர் மூலமாக ஒரு பழைய மிலிட்டரி லாரியை வாங்கி வந்தார். டாட்ஜ் வண்டி. யுத்த காலத்தில் செய்தது. நீண்ட மூக்கும் உருண்டை மட்கார்டுமாக, ரோட்டில் போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மழை பெய்தால் கரிசல் மண்ணில் பட்டாசு லாரிகள் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அதை இழுத்து வெளியே போட ஒரு வண்டி இருந்தால் தீபாவளி சீசனில் ஓய்வே இருக்காது. அதற்கு முன்னால், தூர்ந்து கிடக்கும் தன்னுடைய கிணற்றைத் தூர் வார வேண்டும். இதுதான் அவர் கணக்கு. ஆனால் அந்த வண்டியில், கம்பிவடத்தைச் சுற்றிப் பாரம் இழுக்கும் வின்ச் இல்லை. முன் பம்பருக்குப் பின்னால், எதையோ கழற்றி எடுத்த இடம் பொக்கைவாய் மாதிரி இருந்தது.

முனியராஜ் பல இடம் அலைந்து, கடைசியில் திருத்தங்கலில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரு வின்ச்சைக் கண்டுபிடித்தார். பிரஸ் மிஷின் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது. பெயர்த் தகட்டை யாரோ உளி வைத்துப் பெயர்த்திருந்தார்கள். மேலே சாம்பல் பெயிண்ட்.

அதைப் பட்டறை வாசலில் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். சாம்பலுக்கு அடியில் பச்சை வந்தது. மிலிட்டரிப் பச்சை. தூரத்தில் தீப்பெட்டிக் கம்பெனியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கியது.

“எந்த வண்டியோடதுன்னு பாக்கியா தம்பி?”

நிமிர்ந்தார். வெயிலில் ஒரு ஆள். ஐம்பது வயதிருக்கும். காக்கி டவுசர், பனியன். தலைமயிர், புருவம் எல்லாம் வெள்ளையாகக் கல்தூசி. மேலே வெடிமருந்து வாடை. அந்தப் பக்கத்தில் வெடிமருந்து வாடை அடிக்காத ஆள் யார் இருக்கிறார்கள்? முனியராஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“ஆமாண்ணே. தகடு இல்ல. அதான் முழிக்கேன்.”

“ஒன் வண்டியோடதுதான். பூட்டிப் பாரு.”

“அது எப்பிடிண்ணே? வண்டி அருப்புக்கோட்டைப் பக்கத்துலருந்து வந்தது. இது திருத்தங்கல்ல கெடந்தது.”

முனியராஜ் வின்ச்சின் அடிப்பாகத்தைத் துடைத்தார். போல்ட்டு ஓட்டைகளில் ஒன்றை மட்டும் யாரோ அரத்தால் ராவி, முட்டை வடிவத்துக்கு நீட்டியிருந்தார்கள். எழுந்துபோய் வண்டிச் சட்டத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே இடத்தில், அதே மாதிரி, ராவிய ஓட்டை.

வண்டியும் வின்ச்சும் ஒன்றுக்கொன்று சொந்தம்.

திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஒரு இரும்புத் தகடு காய்ந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு அதன் மேல்தானே இவ்வளவு நேரம் நின்றார்? முனியராஜ் குனிந்து தகட்டைத் தொட்டார். சுரீர் என்றது. விரல் நுனி கொப்பளித்துவிட்டது.

மறுநாள் வின்ச்சைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பிரேக் பட்டை கரிக்கட்டையாகக் கருகியிருந்தது. புதுப் பட்டை போட்டுப் பூட்டினார். எஞ்சினிலிருந்து வின்ச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டில் ஒரு சின்னப் பின் உண்டு. பாரம் தாங்காமல் போனால் அந்தப் பின் முதலில் அறுந்துவிடும். பல்சக்கரம் தப்பித்துக்கொள்ளும். புதிதாக ஒரு பின்னைக் கடைந்துகொண்டிருக்கும்போது சங்கு ஊதியது.

“என்ன இரும்புல கடையிற?”

அதே குரல். அதே இடம்.

“சாதா இரும்புதாண்ணே. லோடு மிஞ்சுனா அறுந்துரணும்ல?”

“அறுந்தா... கீள இருக்கிறவக?”

முனியராஜ் சிரித்தார். “கீள யாருண்ணே இருக்கா? உள்ள வாங்க, டீ சாப்பிடுவோம்.”

அவர் உள்ளே வரவில்லை. வின்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் இமைக்கவே இல்லை. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை கிடையாது. முனியராஜ் டீயை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது வாசல் காலியாகக் கிடந்தது. ரோடு இரண்டு பக்கமும் நேர் ரோடு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை.

டீயைத் தானே குடித்துவிட்டுக் கடைசலுக்குத் திரும்பினார். வேலை இருந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம் பார்ப்பதாகப் பாண்டிச்செல்வத்திடம் சொல்லியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை.

வண்டியின் மூக்கு கிணற்றைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். கிணற்றுக்கு மேலே இரும்புச் சட்டம், அதில் கப்பி. கம்பிவடம் கப்பி வழியாக இறங்கி, நுனியில் இரும்புத் தொட்டி. தூர் வார இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் முனியராஜின் மைத்துனன் ஆண்டிச்சாமி. வெடிக் கம்பெனியில் அன்றைக்கு வேலை இல்லை என்று கூலிக்கு வந்தவன். இரண்டு பேரும் வேப்பமரத்து நிழலில் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

“மச்சான், நாங்க சாப்பிட்டு எறங்குதோம். அதுக்குள்ள வெறும் தொட்டிய ஒரு தடவ விட்டுப் பாத்துருங்க” என்றான் ஆண்டிச்சாமி.

முனியராஜ் வண்டியில் ஏறி வின்ச் லீவரைப் பிடித்தார். பாண்டிச்செல்வம் கிணற்று ஓரத்தில் நின்றார்.

தொட்டி இறங்கியது. அடியில் போய் உட்கார்ந்தது. ‘ணங்’.

“தூக்கு முனியா!”

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

வடம் இறுகியது. எஞ்சின் முக்கியது. வண்டியின் மூக்கு மெதுவாகத் தரையை நோக்கி அமுங்கியது.

“அண்ணாச்சி! தொட்டி எதுலயும் மாட்டிருக்கா?”

பாண்டிச்செல்வம் எட்டிப் பார்த்தார்.

“மாட்டலியே! அந்தரத்துலதான் நிக்கி. வெறும் தொட்டிப்பா!”

வெறும் தொட்டிக்கு வடம் வில்லு நாண் மாதிரி விண்ணென்று நின்றது. கப்பி கிறீச்... கிறீச்... என்று அழுதது.

தொட்டி ஆடியது. காற்று இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

பிறகு கேட்டது.

கிணற்றுக்குள்ளிருந்து.

“இளுலே... ஏலே, இளு...”

ஒரு குரல் இல்லை. இரண்டு.

முனியராஜ் வேப்பமரத்தைப் பார்த்தார். ஆண்டிச்சாமியும் மற்றவனும் சோற்றில் வைத்த கையோடு அப்படியே இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

பானட்டுக்குப் பக்கத்தில்... அந்த ஆள்.

முகம் கோணிப் போயிருந்தது.

“விட்றாத தம்பி. திரி பத்திருச்சு. இளு!”

முனியராஜ் லீவரை விடவில்லை. ஏன் விடவில்லை என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது.

எஞ்சின் அலறியது.

‘டக்.’

பின் அறுந்துவிட்டது.

தண்டு தனியாகச் சுழன்றது. எஞ்சினுக்கும் டிரம்முக்கும் இனிமேல் சம்பந்தம் இல்லை. புதுப் பட்டை பிடித்துக்கொண்டதால் தொட்டி அந்தரத்தில் நின்றது. அதற்கு மேல் அது ஏற வழியே கிடையாது.

முனியராஜ் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியது.

அந்த ஆள் குனிந்தார். வெறுங்கையால் வடத்தைப் பிடித்தார்.

இழுத்தார்.

டிரம் சுற்றியது...

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று...

“முனியா!” பாண்டிச்செல்வம் கத்தினார். “எஞ்சினத்தான் நிப்பாட்டிட்டியே... பெறகு எப்பிடி ஏறுது?”

வடத்தை இழுத்த ஆள் பாண்டிச்செல்வத்தின் கண்ணுக்குப் படவில்லை. தானாக ஏறும் வடத்தை மட்டும்தான் பார்த்தார்.

தொட்டி விளிம்புக்கு மேலே வந்தது.

காலி.

ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரோ இறங்கியது போல.

மறுபடியும் சாய்ந்தது.

வடம் தளர்ந்தது.

கிணற்றின் அடியில் ‘தும்...’ என்று ஒரே ஒரு சத்தம். காலடியில் தரை அதிர்ந்தது. பொந்துகளில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பி வெளியே பறந்தன. புகை இல்லை. ஒரு கல் உதிரவில்லை.

பானட்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆண்டிச்சாமி அந்தக் கிணற்றில் இறங்கவில்லை. முனியராஜ் இறங்க விடவும் இல்லை. “ஒங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது, கெளம்புலே” என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரியே காய்ச்சல் கண்டு படுத்தவர், எழுந்திருக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அதற்குள் பாண்டிச்செல்வம் புரோக்கரைப் பிடித்து உலுக்கியிருந்தார். முதலில் மழுப்பிய புரோக்கர் பிறகு சொல்லிவிட்டான். அந்த டாட்ஜ் வண்டி அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் கிணறு வெட்டுகிற ஆட்கள் செட்டில் ஓடியது. பாறைக்கு வேட்டு வைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு, இரண்டு பேர் தொட்டியில் ஏறி நின்றிருக்கிறார்கள். பாதிக் கிணறு ஏறும்போது பின் அறுந்துவிட்டது. பிரேக்கும் பிடிக்கவில்லை. தொட்டி திரும்பக் கீழே போய்விட்டது. வேட்டின் மேலேயே. அதற்கப்புறம் வண்டிக்காரர் வின்ச்சைக் கழற்றி, தகட்டைப் பெயர்த்து ஒரு பக்கமும், வண்டியை ஒரு பக்கமுமாகத் தள்ளிவிட்டார். இரண்டும் மறுபடி ஒன்று சேரக்கூடாது என்பதற்காக.

“வின்ச்ச ஓட்டுனது யாருப்பா?” என்று பாண்டிச்செல்வம் கேட்டிருக்கிறார். புரோக்கர் அந்த ஆளின் பெயரையும் ஊரையும் சொன்னான். ஒச்சப்பன்.

ஒரு சனிக்கிழமை முனியராஜும் பாண்டிச்செல்வமும் பைக்கில் அந்த ஊருக்குப் போனார்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒச்சப்பனின் மனைவி குருவம்மாள், யாரோ தூரத்து உறவு என்று நினைத்து “வாங்க, உக்காருங்க” என்றாள்.

சுவரில் மாலை போட்ட படம். முனியராஜ் பார்த்தார். தலையில் தூசி இல்லை. மற்றபடி அதே முகம்.

அவருக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்ததாம். செத்தவர்தான் வந்திருக்கிறார், வேறு ஒன்றும் இல்லை என்று.

“அண்ணனும் அந்த வேட்டுலயே போயிட்டாகளா மதினி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லையே. மேல வண்டியிலல்ல இருந்தாக. அந்தச் சத்தத்தக் கேட்டு விளுந்தவகதான். பதினோரு வருசம் இந்தக் கட்டில்லயே கெடந்தாக. கை கால் வராது, பேச்சும் கெடையாது.”

“அப்ப... எப்ப எறந்தாக?”

“இன்னைக்குத்தான பதினாறு.”

முனியராஜ் விரலை மடக்கி எண்ணினார். வெள்ளோட்டம் விட்ட அதே வெள்ளிக்கிழமை.

முதல் இரண்டு நாளும் பட்டறை வாசலில் நின்று பேசிய ஆள், அப்போது இந்தக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“மத்தியானம் கஞ்சி ஊட்டப் போறேன், உசுரு இல்ல. யாருட்டயும் சொல்லல தம்பி, சொன்னா என்னத்தான் சந்தேகப்படுவாக... ஒரு வெரலக்கூட மடக்க முடியாத மனுசன். உள்ளங்கை ரெண்டும் எலும்பு தெரிய அறுந்து கெடந்துச்சு. சதையில இரும்புக் கம்பிச் சிலாம்பு ஏறியிருந்துச்சு. ரத்தம் அப்பத்தான் ஒளுகுது.”