றாஸிக்காக்குதல்

கல்முனையில் எங்கள் பகுதியில் ஒரு சொல் புழங்குகிறது: றாஸிக்காக்குதல். அகராதியில் தேடாதீர்கள்; அதன் சொந்தக்காரர் என் பக்கத்து வீட்டில் இருக்கிறார். தண்ணீர் மோட்டர் திருத்தும் றாஸிக் நானா. மோட்டரை ஒழுங்காகத்தான் திருத்துவார். மனிதர்களுக்கிடையில் சமாதானம் பேசப் போனால்தான் ஆபத்து.

வேண்டுமென்றே கெடுத்தால் இந்தச் சொல் பொருந்தாது. நல்ல மனதோடு போய், கொஞ்சம் கெட்டிருப்பதை முழுதாகக் கெடுத்துவிட்டு வர வேண்டும். “சும்மா காய்ச்சல்தானே, கண்ட மருந்தையும் குடுத்து றாஸிக்காக்கிப் போடாதீங்க” என்று பார்மசிக்காரர்கூடச் சொல்கிறார்.

சென்ற மாதம் றாஸிக் நானாவின் மகள் றுக்ஸானாவுக்குக் கலியாணம் முற்றாகி, நாளும் குறித்தார்கள். எங்கள் ஊரில் நெருங்கிய சொந்தத்துக்கு வீட்டுக்குப் போய், வாயால்தான் கலியாணம் சொல்ல வேண்டும். முதல் வீடு, அவருடைய மனைவி முனவ்வறாவின் மூத்த சகோதரி கமீலா ராத்தாவுடையது. தாயில்லாத முனவ்வறாவைத் தூக்கி வளர்த்தவர் அவர். நம் ஆள் வேலையைச் சுருக்குகிறேன் என்று எல்லோருக்கும் கார்ட்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். கமீலா கலியாணத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். தங்கையின் போனையும் எடுக்கவில்லை. ராத்தா இல்லாமல் மகளை எப்படி உடுத்தி உட்கார வைப்பது என்று முனவ்வறா சாப்பிடாமல் கிடந்து அழுதார். எனக்கே பாவமாக இருந்தது.

“நான் போய்ச் சரிக்கட்டிட்டு வாறன்” என்று கிளம்பினார் றாஸிக் நானா. எவ்வளவோ தடுத்தோம், கேட்டால்தானே! துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“கோவிக்காதீங்க மதினி. உங்களுக்கு மட்டுமா அனுப்பின? கோழிக்கடைக்காரனுக்கும் அப்படித்தான் அனுப்பின.”

“நானும் கோழிக்கடைக்காரனும் ஒண்டா?”

“சேச்சே! அவன் கட்டாயம் வரணும், இறைச்சி கொண்டு வாறவன். நீங்க சுகமில்லாத ஆள், வராட்டியும் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க.”

கமீலா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். நேரே தங்கையின் வீடு; நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

“உன்ட புருசன் என்ன கதை கதைக்கார் தெரியுமா புள்ள?”

“எனக்கிட்டயா கேக்கிறீங்க ராத்தா? இருபத்தஞ்சு வருசமா இந்த மனுசனோட நான் படுற பாடு!”

ஒரே கட்டிலில் உட்கார்ந்து இருவரும் அவரை ஏசித் தீர்த்தார்கள். நடுவில் ஏச்சு சிரிப்பானது. பிறகு உடுப்பின் நிறம், மருதோன்றி வைக்க யார் வருவது என்று பேச்சு போனது. றுக்ஸானாவைத் தானே உடுத்திவிடுவதாகக் கமீலா சொன்னார்.

குசினியில் அடுப்போரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த றாஸிக் நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மதினியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று ஓரடி எடுத்து வைத்தார். றுக்ஸானா அவருடைய சாரனை எட்டிப் பிடித்தாள்.

“வாப்பா, அல்லாக்காக வாயத் தொறக்காம இங்கயே நில்லுங்க.”